வாங்க ஒரு படி, விற்க ஒரு படி

(வரலாற்று மாணவர்களும் பொதுமக்களும் கூடிய ஒரு மாலை அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பெரிய நாட்டின் போரும் உலக ஒழுங்கும்" என்று இன்றைக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் உங்களில் பலருக்கு உக்ரைன் நினைவுக்கு வந்திருக்கும். நானும் அங்கேதான் போய்ச் சேரப்போகிறேன். ஆனால் 1956 வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். அந்த ஆண்டு அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும், இரண்டே வாரத்துக்குள், வீட்டோ அதிகாரம் வைத்திருந்த மூன்று வல்லரசுகள் இரண்டு சிறிய நாடுகளுக்குள் படையோடு நுழைந்தன. எகிப்தில் பிரிட்டனும் பிரான்ஸும். ஹங்கேரியில் சோவியத் ஒன்றியம். இரண்டு வழக்குகளும் நியூயார்க்கில் ஐ.நா.வின் ஒரே கட்டடத்துக்கு, ஒரே சாசனத்தின் கீழ் வந்தன. ஒன்றில் படைகள் திரும்பிப் போயின. இன்னொன்றில் போகவில்லை. ஏன் என்று யோசித்தால் இன்றைய தலைப்பில் பாதி விளங்கிவிடும்.

"வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது?" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். வேலி மேய்ந்து முடித்த பிறகு ஊர் என்ன செய்தது என்பதுதான் வரலாற்று மாணவனின் கேள்வி.

என் தாத்தா ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். அவர் சொன்ன ஒரு சங்கதி. சில வியாபாரிகள் இரண்டு படி வைத்திருப்பார்களாம். விவசாயியிடம் வாங்குவதற்குக் கொஞ்சம் பெரிய படி, வாடிக்கையாளருக்கு அளப்பதற்குக் கொஞ்சம் சிறிய படி. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உலக அரசியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு படிகளும் நினைவுக்கு வரும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சூயஸ் கால்வாயை முதலில் 1935-இல் பார்ப்போம். அந்த அக்டோபரில் முசோலினியின் இத்தாலி, அபிசீனியா மீது, அதாவது இன்றைய எத்தியோப்பியா மீது, படையெடுத்தது. இரண்டுமே ஐ.நா.வுக்கு முந்தைய பன்னாட்டுச் சங்கத்தின் உறுப்பு நாடுகள். சங்கம் இத்தாலியைக் குற்றவாளி என்று சொன்னது. பொருளாதாரத் தடையும் விதித்தது. ஆனால் தடைப் பட்டியலில் பெட்ரோலியம் இல்லை. இத்தாலியப் படைக் கப்பல்கள் பிரிட்டனின் கட்டுப்பாட்டில் இருந்த சூயஸ் கால்வாய் வழியாகவே, சுங்கம் கட்டிவிட்டு, வரிசையாகப் போயின. போரை நிறுத்தக்கூடிய இரண்டு குழாய்களும் திறந்தே கிடந்தன. 1936 மே மாதம் அடிஸ் அபாபா விழுந்தது. ஜூன் 30 அன்று பேரரசர் ஹெய்லி செலாசி ஜெனீவாவில் சங்கத்தின் முன் வந்து நின்று பேசினார். அடுத்த மாதம் தடைகள் நீக்கப்பட்டன.

இந்தக் கதையில் ஓர் இளம் அமைச்சர் வருகிறார். பன்னாட்டுச் சங்க விவகாரங்களுக்கென்றே பிரிட்டன் நியமித்தவர். 1935 டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் ஆனவர். சங்கத்தின் நண்பர் என்று பெயர் வாங்கியவர். தடைகளைக் கைவிடலாம் என்று 1936 ஜூனில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கும் கசப்பான வேலையும் அவருக்கே வாய்த்தது. அவர் பெயர் ஆன்டனி ஈடன். இருபது ஆண்டு கழித்து அதே கால்வாய்க் கரையில் அவரை மறுபடி சந்திப்போம், பிரதமராக.

1956 ஜூலையில் அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன பணத்தை அமெரிக்கா திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு வாரம் கழித்து, ஜூலை 26 அன்று, எகிப்து அதிபர் நாசர் அலெக்சாண்ட்ரியாவில் பேசிக்கொண்டிருந்தார். கால்வாயை வெட்டிய லெசெப்ஸ் பெயரைப் பேச்சுக்கு நடுவே சொன்னார். அதுதான் ரகசியக் குறிச்சொல். அந்தச் சொல் வானொலியில் ஒலித்ததும் அவருடைய ஆட்கள் கால்வாய் நிறுவனத்தின் அலுவலகங்களைக் கைப்பற்றினார்கள். ஈடனின் கண்ணுக்கு நாசர், முசோலினியாகத் தெரிந்தார். ஒருமுறை விட்டுவிட்டோம், இந்தமுறை விடக்கூடாது என்பது அவர் எண்ணம். பழைய தவற்றிலிருந்து கற்ற பாடம் புதிய தவறாக மாறிய இடம் இது.

அக்டோபர் 22 முதல் 24 வரை பாரிஸுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசியமாகக் கூடின. இஸ்ரேல் எகிப்தைத் தாக்குவது. பிறகு "சண்டையை விலக்கிவிட வந்தோம்" என்று மற்ற இரண்டும் நுழைவது. இதுதான் ஒப்பந்தம். இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்தானது தெரிந்ததும் ஈடன் பதறிப்போய், எல்லாப் பிரதிகளையும் அழிக்க ஆள் அனுப்பினார். இஸ்ரேலியர்கள் தங்கள் பிரதியோடு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டிசம்பரில், தாக்குதல் பற்றி முன்கூட்டியே தெரியாது என்று நாடாளுமன்றத்திலேயே அவர் சொன்னார். சட்டத்தை மீறுகிறவர், மீறவில்லை என்று காட்ட இத்தனை பாடுபடுகிறார் என்றால், அந்தச் சட்டம் அவர் மனத்தில் இன்னும் சாகவில்லை என்றுதான் பொருள்.

அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் தாக்கியது. மறுநாள் பாதுகாப்புச் சபையில், படைகள் விலக வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தது அமெரிக்கா. பிரிட்டனும் பிரான்ஸும் வீட்டோ போட்டன. ஐ.நா. வரலாற்றில் பிரிட்டன் போட்ட முதல் வீட்டோ அது. கதவு மூடிவிட்டது என்றுதான் தோன்றியது.

ஆனால் வீட்டுக்கு ஒரு பின்வாசல் இருந்தது. கொரியப் போரின்போது, 1950 நவம்பரில், பொதுச் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. "அமைதிக்காக ஒன்றிணைதல்" என்று அதற்குப் பெயர். வீட்டோவால் பாதுகாப்புச் சபை முடங்கினால், விவகாரத்தைப் பொதுச் சபையின் அவசரச் சிறப்புக் கூட்டத்துக்கு எடுத்துப்போகலாம். கூட்டத்தைக் கூட்டுவது நடைமுறை சார்ந்த வாக்கெடுப்பு. அதில் வீட்டோ செல்லாது. சோவியத் வீட்டோவைச் சுற்றிப்போக வெட்டிய வாசல் அது. முன்மொழிந்த ஏழு நாடுகளில் பிரிட்டனும் பிரான்ஸும் உண்டு! தாங்களே வெட்டிய வாசல் வழியாகத் தங்கள் மீதே வழக்கு வரும் என்று அவை எண்ணியிருக்காது. யூகோஸ்லாவியா அந்த வாசலைத் தட்டியது. நவம்பர் 1 அன்று முதல் அவசரச் சிறப்புக் கூட்டம் கூடியது. நவம்பர் 2 அதிகாலை போர்நிறுத்தத் தீர்மானம் நிறைவேறியது: ஆதரவு 64, எதிர்ப்பு 5. அமெரிக்காவும் சோவியத்தும் ஒரே பக்கம் வாக்களித்தன.

கனடாவின் வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன் அந்த வாக்கெடுப்பில் விலகி நின்றார். எழுந்து அவர் காரணம் சொன்னார்: போரை நிறுத்தச் சொன்னால் மட்டும் போதாது, இரு தரப்புக்கும் நடுவே நிற்க ஒரு படை வேண்டும். இரண்டே நாளில் அது தீர்மானமானது. பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷீல்ட் சில நாட்களுக்குள் அந்தப் படைக்கு விதிகளை எழுதினார். பிரிட்டிஷ் சிப்பாய் என்று நினைத்து யாரும் சுட்டுவிடக்கூடாது என்பதற்காகத் தலைக்கவசங்களுக்கு நீல வண்ணம் அடித்தார்கள். இன்று உலகமெங்கும் தெரியும் அந்த நீலத் தொப்பி அவசரத்தில் அடித்த அந்த வண்ணத்தில் பிறந்தது. பத்து நாடுகள் படை அனுப்பின. இந்தியாவும் அதில் ஒன்று. கனடா அனுப்ப நினைத்த படைப்பிரிவின் பெயரில் "ராணி" என்ற சொல் இருந்தது. நாசர் வேண்டாம் என்றுவிட்டார்.

சாசனத்தில் அமைதிப்படை என்ற சொல்லே கிடையாது. ஒரு வல்லரசின் போர் அந்த அமைப்பைக் குலைக்கப் போய், அதற்கு இல்லாத ஓர் உறுப்பை முளைக்க வைத்தது.

அப்படியானால் பிரிட்டன் திரும்பிப் போனது தீர்மானத்துக்குப் பணிந்தா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்துவிட்டது. எண்ணெய் வரவில்லை. ஸ்டெர்லிங் பவுண்டை எல்லோரும் விற்கத் தொடங்கினார்கள். நவம்பர் மாதம் மட்டும் பிரிட்டனின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் 27.9 கோடி டாலர் கரைந்தது. சர்வதேச நாணய நிதியத்தில் கை நீட்டலாம் என்றால், அங்கே பெரிய பங்குதாரர் அமெரிக்கா. படைகள் வெளியேறும்வரை பணம் இல்லை என்றார் அமெரிக்க அதிபர் ஐசனோவர். பிரான்ஸ் கெட்டிக்காரத்தனமாக, போருக்குச் சில நாட்கள் முன்பே நிதியத்தில் தன் ஏற்பாட்டை முடித்து வைத்திருந்தது. பிரிட்டன் அதைச் செய்யவில்லை. நவம்பர் 6 நள்ளிரவில் போர் நின்றது. டிசம்பர் 22-க்குள் கடைசிச் சிப்பாய் கப்பலேறினார். 1957 ஜனவரி 9 அன்று ஈடன் பதவி விலகினார்.

1935-இல் திறந்து கிடந்த குழாயை 1956-இல் ஒருவர் மூடினார். பொதுச் சபை குற்றத்துக்குப் பெயர் வைத்தது; நிதியத்தின் பூட்டு அந்தப் பெயருக்கு எடை கொடுத்தது. தீர்மானம் இல்லாமல் பூட்டு மட்டும் இருந்திருந்தால் அது வெறும் கந்துவட்டி மிரட்டல். பூட்டு இல்லாமல் தீர்மானம் மட்டும் இருந்திருந்தால் அது 1936-இன் ஜெனீவா.

இனி புடாபெஸ்ட். அக்டோபர் 23 அன்று மாணவர்கள் தொடங்கிய கிளர்ச்சி பத்து நாளில் ஆட்சியையே மாற்றியது. நவம்பர் 1 அன்று பிரதமர் இம்ரே நாஜ், வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாகவும் ஹங்கேரி இனி நடுநிலை நாடு என்றும் அறிவித்து, ஐ.நா.வுக்குத் தந்தி அடித்தார். அந்தத் தந்தி வந்த நாளில் நியூயார்க்கில் எல்லோர் கண்ணும் சூயஸ் மீது இருந்தது. நவம்பர் 4 விடியற்காலை சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டுக்குள் புகுந்தன. பாதுகாப்புச் சபையில் சோவியத் வீட்டோ. உடனே அதே பின்வாசல்; இரண்டாவது அவசரச் சிறப்புக் கூட்டம்; 50 நாடுகளின் ஆதரவோடு தீர்மானம். எல்லாம் சூயஸுக்கு நடந்தபடியே நடந்தன. டாங்கிகள் மட்டும் நகரவில்லை. ரூபிளை நெருக்க எந்த நிதியமும் கிடையாது. அணுகுண்டு வைத்திருக்கும் நாட்டோடு மோத எந்த நாடும் தயாராக இல்லை. கெய்ரோவில் குண்டு போட்டுக்கொண்டிருந்த இரண்டு நாடுகள் புடாபெஸ்ட் பற்றிப் பேசியபோது கேட்பவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கேதான் நம் வீட்டுச் சமாசாரமும் வருகிறது. சூயஸ் விவகாரத்தில் நேரு சிறிதும் தயங்கவில்லை, கடுமையாகக் கண்டித்தார். ஆசிய ஆப்பிரிக்க நாடுகளின் தீர்மானத்தை இந்தியாவே முன்னின்று கொண்டுவந்தது. ஹங்கேரி என்றதும் நம் குரல் இறங்கிவிட்டது. நவம்பர் 4 தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் விலகியது. நவம்பர் 9 அன்று, ஹங்கேரியில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் வேண்டும் என்ற தீர்மானத்தை இந்தியப் பிரதிநிதி வி.கே. கிருஷ்ண மேனன் எதிர்த்தே வாக்களித்தார். அன்றைக்கே ஜெயப்பிரகாஷ் நாராயண் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். காரணங்கள் இல்லாமல் இல்லை, காஷ்மீரில் ஐ.நா. மேற்பார்வை வாக்கெடுப்பு என்ற பேச்சு நம் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் நாமும் அந்த இரண்டு வாரத்தில் இரண்டு படி வைத்திருந்தோம்.

நம் பக்கத்து நாடு வேறொரு வேலை செய்தது. 1957 ஜனவரியில் பொதுச் சபை ஹங்கேரி பற்றி விசாரிக்க ஐந்து நாடுகளின் குழுவை அமைத்தது. ஆஸ்திரேலியா, டென்மார்க், துனீசியா, உருகுவே, சிலோன், அதாவது இன்றைய இலங்கை. சிலோன் சார்பில் ஆர்.எஸ்.எஸ். குணவர்தன இருந்தார். குழுவை ஹங்கேரிக்குள் விடவில்லை. அதனால் தப்பி வந்தவர்களைத் தேடிப்போய்ச் சாட்சியம் கேட்டார்கள். பெயர் வெளிவந்தால் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து என்று பலர் பெயர் மறைத்துப் பேசினார்கள். அந்தப் பெயர்ப் பட்டியல் குழுவின் துணைச் செயலாளர், டென்மார்க்காரர் பொவ்ல் பாங்-யென்சன் கையில் இருந்தது. மேலதிகாரிகள் கேட்டும் அவர் தர மறுத்தார். 1958 ஜனவரியில் அந்தக் காகிதங்கள் ஐ.நா. கட்டடத்தின் மொட்டைமாடியில் எரிக்கப்பட்டன. அவருக்கு வேலை போயிற்று. ஆனால் சாட்சிகளின் பெயர் வெளியே போகவில்லை.

அறிக்கை 1957 ஜூனில் வந்தது. நடந்தது மக்கள் எழுச்சி, அதை அடக்கியது வெளிநாட்டுப் படை என்று அது எழுதி வைத்தது. ஓராண்டு கழித்து, 1958 ஜூன் 16 அன்று, இம்ரே நாஜ் தூக்கிலிடப்பட்டார். அறிக்கையால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் சோவியத் சொன்ன கதை மட்டுமே உலகத்தின் கதையாக நிலைத்துவிடாமல் அது தடுத்தது. 1989-இல், அதே ஜூன் 16 அன்று, புடாபெஸ்ட்டில் பெருங்கூட்டம் திரண்டு நின்று அவரை மறுபடி அடக்கம் செய்தது.

இன்னொன்றும் நடந்தது. சுமார் 2 லட்சம் ஹங்கேரியர்கள் எல்லை தாண்டினார்கள். அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையோ, 1951 ஜனவரி 1-க்கு முந்தைய நிகழ்வுகளால் அகதியானவர்களுக்கு மட்டும்தான். சட்டத்தின்படி இவர்கள் சேர்த்தியில்லை. இந்த வெளியேற்றத்தின் வேர் 1951-க்கு முன் அங்கே ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தில் இருக்கிறது என்று வாதம் கட்டி, ஐ.நா. அகதிகள் அலுவலகத்தின் சட்ட அறிஞர்கள் கதவைத் திறந்தார்கள். உலகப்போரின் மிச்சத்தைத் துடைக்க வந்த தற்காலிக அலுவலகம் அதன்பிறகுதான் உலக அமைப்பாக வளர்ந்தது. பின்னாளில், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து இலங்கைக்குத் திரும்ப விரும்பியவர்கள் மனமுவந்துதான் போகிறார்களா என்று கேட்டு உறுதிசெய்ததும் அதே அலுவலகம்தான்.

ஆக, ஒரே பதினைந்து நாளில் போர் செய்த வேலை இரண்டு விதம். பாதுகாப்புச் சபையை முடக்கியது. அமைதிப்படையையும் அகதிகள் அலுவலகத்தையும் வளர்த்தது. முடங்கியதை மட்டும் பார்ப்பவர் "ஐ.நா. செத்துவிட்டது" என்பார், வளர்ந்ததை மட்டும் பார்ப்பவர் "எல்லாம் நன்மைக்கே" என்பார். இருவரும் பாதிக் கணக்குத்தான் பார்க்கிறார்கள். அந்த அமைதிப்படையும் எகிப்தின் சம்மதத்தில் நின்ற படை. 1967 மே மாதம் நாசர் "போங்கள்" என்றதும் போகவேண்டியதாயிற்று. ஜூன் 5 அன்று அடுத்த போர் தொடங்கிவிட்டது.

இப்போது இன்றைக்கு வருவோம். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மறுநாள் பாதுகாப்புச் சபையில் ரஷ்யா வீட்டோ போட்டது. அந்த மாதத்துக்குச் சபையின் தலைமை நாற்காலியிலும் ரஷ்யாவே உட்கார்ந்திருந்தது. பிப்ரவரி 27 அன்று, 1956-இல் திறந்த அதே பின்வாசல் திறந்தது. பதினோராவது அவசரச் சிறப்புக் கூட்டம். மார்ச் 2 அன்று 141 நாடுகள் கண்டித்தன; 5 எதிர்த்தன; 35 விலகி நின்றன. விலகியவற்றில் இந்தியாவும் இலங்கையும் உண்டு.

141 என்பது சின்ன எண் அல்ல. ஆனால் அந்த 35-ஐயும் கொஞ்சம் கேட்கவேண்டும். பலரும் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "2003-இல் ஈராக்குக்கு எந்தப் படி?" அமெரிக்காவும் பிரிட்டனும் பாதுகாப்புச் சபையின் ஒப்புதல் இல்லாமல்தான் போயின. அது சாசனத்துக்கு விரோதம் என்று அடுத்த ஆண்டு பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் சொன்னார். அவசரச் சிறப்புக் கூட்டமும் இல்லை, தடையும் இல்லை. காசாவில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானங்களை அமெரிக்கா மறுபடி மறுபடி வீட்டோ செய்தபோது அதே கேள்வி இன்னும் உரத்துக் கேட்டது. ஈராக்கில் நடந்த அநியாயம் உக்ரைனில் நடக்கும் அநியாயத்தை நியாயமாக்காது. ஈராக்கைச் சொல்லித் தப்பிப்பவர்களும் வாங்கும் படியை மறைக்க விற்கும் படியைக் காட்டுகிறவர்கள்தான். ஆனால் முதல் போர் செல்லாமல் ஆக்கிய சொற்களை இரண்டாவது போரில் யாரும் முழு விலைக்கு வாங்கமாட்டார்கள். வல்லரசின் போர் செய்யும் ஆழமான சேதம் இதுதான் என்பது என் கட்சி.

இந்தமுறையும் முடக்கத்தோடு சில முளைகள் வந்தன. 2022 ஏப்ரலில் லீக்டன்ஸ்டைன் என்ற மிகச் சிறிய நாடு முன்னின்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. இனி யார் வீட்டோ போட்டாலும் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச் சபை கூடி அதைப் பற்றி விவாதிக்கும். ஜூலையில் ஐ.நா.வும் துருக்கியும் சேர்ந்து இஸ்தான்புல்லில் கருங்கடல் தானிய ஏற்பாட்டைச் செய்தன. போர் நடக்கும் கடலில் ஓராண்டு முழுக்க ஏறக்குறைய 3.3 கோடி டன் தானியமும் உணவுப்பொருளும் வெளியே வந்தன. நம் அடுப்பங்கரையில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிய நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த எண்ணெயில் பெரும்பகுதி அந்தக் கரையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா விலகியது; ஏற்பாடு நின்றது. 1967-இன் அதே பலவீனம்: சம்பந்தப்பட்டவர் சம்மதம் இருக்கும்வரைதான்.

கடைசியாக ஒரு நாள். 2025 பிப்ரவரி 24, போரின் மூன்றாம் ஆண்டு நிறைவு. பொதுச் சபையில் உக்ரைனும் ஐரோப்பிய நாடுகளும் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவு 93-ஆக இறங்கியிருந்தது. 65 நாடுகள் விலகின. எதிர்த்த 18 நாடுகளில் ரஷ்யாவோடு அமெரிக்காவும் இருந்தது. 1956-இல் வாஷிங்டனும் மாஸ்கோவும் படையெடுப்புக்கு எதிராக ஒன்றாகக் கை தூக்கின. 2025-இல், படையெடுத்தவர் பெயரைச் சொல்லும் தீர்மானத்துக்கு எதிராக ஒன்றாகக் கை தூக்கின. அந்த 18-இல் இன்னொரு பெயரும் இருந்தது: ஹங்கேரி.

மாணவ நண்பர்களே, உலக ஒழுங்கு என்பது ஒரு மதில் சுவர் என்று நினைத்தால் ஒவ்வொரு போரிலும் அது இடிந்துபோனதாகவே தோன்றும். அதை அளவுப் படி என்று நினைத்துப் பாருங்கள். படி யாரையும் தடுப்பதில்லை. ஆனால் ஊர் முழுக்க ஒரே படி இருக்கும்வரைதான் குறைத்து அளந்தவனைக் "குறைத்துவிட்டாய்" என்று சொல்ல முடியும். வல்லரசு படியை உடைப்பது ஒரு சேதம். அதைப் பார்த்து மற்றவர்கள் ஆளுக்கொரு படி செய்துகொள்வது அதைவிடப் பெரிய சேதம்.

என் தாத்தாவின் கதையில் மிச்சம் இருக்கிறது. "இரண்டு படியை யாரும் கண்டுபிடிக்கவே மாட்டார்களா?" என்று சிறுவயதில் அவரிடம் கேட்டேன். முத்திரை ஆய்வாளர் வருவார், ஆனால் வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார், அதுவும் சொல்லிவிட்டு வருவார் என்றார். "அப்புறம் யார் பார்ப்பார்கள்?" என்றேன். அரிசி வாங்க வரும் பொம்பளைகள்தான் என்றார். அவர்கள் வீட்டிலிருந்தே ஒரு படியைக் கொண்டுவந்து, மண்டி வாசலில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் திரும்ப அளப்பார்களாம்.